மின்கல அழுத்தமும் எரிபொருள் ஊசியின் வாளா நேரமும்

தமிழ்த்துறை மலரில் மோட்டார் வண்டியின் உறுப்பொன்றைப் பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது என்று வினவுவார் இருக்கக்கூடும். அவர்க்கு விடையாக இரண்டு செய்திகளை முதற்கண் கூறிவிடுதல் நலம். என் வண்டி ஏறத்தாழப் பத்துத் திங்கள் காரணம் புலப்படாத நோயொன்றால் என்னை அலைக்கழித்தது என்பது ஒன்று. அந்நோயின் மூலத்தைக் கண்டுரைத்தவர் இத்துறையில் இளங்கலைத் தமிழ் பயின்று, பின்னர்த் தொழில் கற்று, இன்று சொந்தமாக மோட்டார் பட்டறை நடத்திவரும் நம் பழைய மாணவர் என்பது மற்றொன்று. கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது, "இதைத் தமிழில் விளக்கமா எழுதிக் கொடுங்க சார், என்கிட்ட வேலை பழகுற பையன்கள் படிக்கணும்" என்றார். அவர் கேட்ட கூலியே இக்கட்டுரை.

என் தாயாருக்குச் சிறுநீரகக் குறைபாடு. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகர மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் முறை வரிசை காலை 5.30 மணிக்குத் தொடங்கும். தவறினால் அன்றைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். எனவே 4.30 மணிக்கே வண்டியை எழுப்பியாக வேண்டும். அவ்வேளையில்தான் அது முரண்டு பிடிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும், எஞ்சின் பற்றாது. பற்றினாலும், முகப்பு விளக்கையும் காற்றாடியையும் போட்டவுடன் நடுங்கி அணைந்துவிடும். கால் மணி நேரம் ஓடியபின் ஒரு குறையும் இராது. பகலில் பட்டறைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டும்.

அந்த நடுக்கத்திற்குக் காரணம் எரிபொருளும் அன்று, எஞ்சினும் அன்று. ஒன்றரை வோல்ட் மின்னழுத்தம். அஃது எங்ஙனம் என்பதை அறிய, முதலில் எரிபொருள் எஞ்சினுக்குள் செல்லும் வழியை அறிதல் வேண்டும்.

கார்புரேட்டர் காலமும் அதன் பின்னும்

முற்காலத்து வண்டிகளில் கார்புரேட்டர் என்னும் கலவைக்கலம் இருந்தது. எஞ்சின் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைகிறது. அவ்விரைவால் அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் பெட்ரோலை உறிஞ்சிக் கொள்கிறது. இதில் மின்சாரத்திற்குப் பங்கில்லை. ஆதலால் பேட்டரி சோர்ந்துபோன அம்பாசடர் காரை நான்கு பேர் சேர்ந்து தள்ளிவிட்டால் அது ஓடத் தொடங்கிவிடும். கல்யாண வீட்டு வாசல்களில் மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிய அனுபவம் நம் பெரியவர்கள் பலருக்கும் உண்டு.

கார்புரேட்டர் எளிமையானது, ஆனால் நுட்பமாக அளக்கத் தெரியாதது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்விகிதத்தை எந்நிலையிலும் காத்தல் அதனால் இயலாது. எனவே மின்சாரத்தால் திறந்து மூடும் ஊசி வாயிலாக எரிபொருளைத் தெளிக்கும் முறை தோன்றியது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-இல் இதனை அறிமுகம் செய்தது. அக்கால மின்னணுப் பாகங்கள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் அவ்வழியைச் செம்மைப்படுத்தி, 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வெற்றிகரமாகப் பொருத்தியது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகை மாசு விதிகள் இறுகியபோது கார்களில் இம்முறை பரவிற்று. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் ஆறு விதி நடைமுறைக்கு வந்தபின், மாணவர்கள் ஓட்டிவரும் பெட்ரோல் பைக்குகளுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. ஆகவே இச்செய்தி கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரியதன்று.

ஊசியின் அமைப்பு

பட்டறையில் இன்ஜெக்டர் என வழங்கும் எரிபொருள் உட்செலுத்தி, விரல் நீளமுள்ள சிறு குழல். அதனுள் மெல்லிய செம்புக் கம்பியைப் பல நூறு சுற்றுகளாகச் சுற்றிய வரிச்சுருள் உள்ளது. நடுவே இரும்பாலான ஓர் ஊசி. சுருள்வில் ஒன்று அவ்வூசியைக் கீழ்நோக்கி அழுத்தித் துளையை அடைத்து வைத்திருக்கும். குழலினுள் பெட்ரோல், வளி அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் காத்து நிற்கும். வரிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகும். ஊசியை மேலே இழுக்கும். பெட்ரோல் பனிபோல் தெளிக்கப்படும். ஊசி எழும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும். மின்னோட்டம் நின்றதும் சுருள்வில் ஊசியைத் திரும்பவும் அமர்த்திவிடும்.

இதற்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒரு கம்பி பேட்டரியிலிருந்து ரிலே ஒன்றின் வழியாக வந்து எப்போதும் மின்னழுத்தத்துடன் நிற்கும். மற்றது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும். அப்பெட்டி தன் பக்கத்துக் கம்பியை எர்த்துடன் இணைக்கும்போது சுற்று நிறைவுற்று ஊசி எழும், விடுவிக்கும்போது அமரும். பெட்ரோலின் அழுத்தமும் துளையின் அளவும் மாறாதவை. ஆகவே எவ்வளவு எரிபொருள் என்பதனை எவ்வளவு நேரம் என்பதே முடிவு செய்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு லிட்டர்க் கணக்கோ மில்லிக் கணக்கோ தெரியாது. அது காலத்தால் மட்டுமே அளக்கிறது.

அக்காலம் எத்துணைச் சிறியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கூறுவதைத் தமிழ் மாணவர் அறிவர். கண் ஒருமுறை இமைக்க நூறு மில்லி நொடிக்குக் குறையாது. மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஊசி திறந்திருப்பது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லி நொடி. ஒரு மாத்திரைக்குள் அறுபது எழுபது முறை திறந்து மூடலாம் என்னும் அளவிற்கு அது குறுகியது.

ஊசி ஏன் காத்திருக்கிறது?

கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டளையிட்ட அக்கணமே ஊசி எழுமாயின் இக்கட்டுரைக்கே தேவையிராது. அஃது எழுவதில்லை. வரிச்சுருளின் இயல்பு அத்தகையது. எந்தச் சுருளும் தன்னுள் பாயும் மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும். இதனைத் தன்தூண்டல் என்பர். அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி இதனை ஆராய்ந்தமையால் இதன் அலகுக்கு ஹென்றி என்றே பெயர் வைத்தனர். இவ்வெதிர்ப்பினால் மின்னோட்டம் ஒரே தாவலில் முழு அளவை எட்டாது; முதலில் விரைந்தும் பின்னர்த் தயங்கியும் ஏறிச் செல்லும். சுருள்வில்லின் வலிமையையும் எரிபொருளின் அழுத்தத்தையும் வெல்லும் அளவிற்கு அது ஏறிய பிறகே ஊசி அசையும்.

கட்டளைக்கும் அசைவிற்கும் இடைப்பட்ட இப்பொழுதினை ஆங்கிலத்தில் செத்த நேரம் என்னும் பொருள்படும் தொடரால் குறிக்கின்றனர். அதனை அப்படியே பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஊசி சாகவில்லை, செயலின்றி இருக்கிறது. ஒன்றும் செய்யாது இருத்தலை வாளாவிருத்தல் என்று சொல்லும் மரபு நம்மிடம் இருக்கின்றது. ஆகவே இதனை வாளா நேரம் எனக் குறிக்கின்றேன். பட்டறைப் பையன்களிடம் இச்சொல் செல்லுபடியாகுமா என்று நம் மாணவரைக் கேட்டேன். "சின்னதா இருக்கு சார், நிக்கும்" என்றார்.

வாளா நேரம் எவ்வளவு? ஓர் எளிய கணக்கால் காண்போம். காரில் பொதுவாகப் பயன்படும் வகையைச் சார்ந்த ஊசியொன்றைக் கொள்வோம். அதன் மின்தடை 14 ஓம், தன்தூண்டல் 14 மில்லி ஹென்றி, ஊசி அசைய வேண்டும் மின்னோட்டம் அரை ஆம்பியர் என வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 14 வோல்ட்டில் இச்சுருளில் முடிவாகப் பாயக்கூடிய மின்னோட்டம் 1 ஆம்பியர். அரை ஆம்பியர் அதில் பாதி. அப்பாதியை எட்ட 0.69 மில்லி நொடி ஆகிறது. மின்னழுத்தம் 12 வோல்ட்டாகக் குறைந்தால் முடிவு மின்னோட்டமே 0.86 ஆம்பியராகக் குறைகிறது. அதே அரை ஆம்பியரை எட்ட இப்போது 0.88 மில்லி நொடி வேண்டும். 10 வோல்ட்டில் 1.20 மில்லி நொடி. 8 வோல்ட்டில் 2.08 மில்லி நொடி. 7 வோல்ட்டிலோ முடிவு மின்னோட்டம் சரியாக அரை ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. அதனையும் நெருங்கலாமேயன்றித் தொட இயலாது. எனவே ஊசி எழவே எழாது.

இவ்வெண்களில் ஒன்று நோக்கற்பாலது. 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கினால் இழப்பு 0.19 மில்லி நொடி. 10-இலிருந்து 8-க்கு இறங்கினால் 0.88 மில்லி நொடி. இரண்டிலும் குறைந்தது இரண்டு வோல்ட்டே. இழப்போ நான்கு மடங்குக்கு மேல். மேட்டில் மெல்லச் சரியும் பாதை, பள்ளத்தை நெருங்கும்போது செங்குத்தாகிவிடுகிறது. ஊசி மூடுவதற்கும் சிறிது நேரம் ஆகும் என்பதனால் திறப்பில் இழந்ததில் ஒரு பகுதி மூடுதலில் ஈடுசெய்யப்படும். ஆயினும் மூடுதல் சுருள்வில்லின் பொறுப்பாதலால் மின்னழுத்தத்தால் அத்துணை மாறுவதில்லை. உண்மையான ஊசிகளின் எண்கள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். வளைவின் போக்கு இதுவே.

வெப்பமும் இதில் ஒரு கை வைக்கிறது. செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு ஏறும். 20 பாகையில் 14 ஓம் உள்ள சுருள் 90 பாகையில் 18 ஓமை நெருங்கிவிடும். மேற்கண்ட ஊசி அவ்வெப்பத்தில் 9 வோல்ட்டிலேயே செயலற்றுப் போகும்.

இவ்விழப்பு எஞ்சினை எப்போது வருத்தும், எப்போது வருத்தாது என்பதற்கு நம் யாப்பிலக்கணத்திலேயே ஒப்புமை உண்டு. மகர மெய்க்கு அரை மாத்திரை; மகரக் குறுக்கத்தில் அது கால் மாத்திரையாகக் குறுகும். குறைந்தது கால் மாத்திரைதான், ஆனால் அவ்வெழுத்தின் ஒலியில் பாதி போய்விட்டது. அதே கால் மாத்திரை ஈரளபுடைய நெடிலில் குறைந்தால் எட்டில் ஒரு பங்குதான் போகும். ஊசியின் கணக்கும் இவ்வாறே. விரைவாகச் சுமையோடு ஓடும்போது ஊசி 11 மில்லி நொடி தெளிக்கிறது என்போம், அதில் 0.19 குறைந்தால் இழப்பு இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சின் அதைப் பொருட்படுத்தாது. நின்ற இடத்தில் ஓடும்போது தெளிப்பது 1.6 மில்லி நொடியே, அதில் 0.19 குறைந்தால் 12 விழுக்காடு பெட்ரோல் குறைந்துவிட்டது. எஞ்சின் நடுங்கும். மின்னழுத்தக் குறையால் வரும் நோய் நெடுஞ்சாலையில் மறைந்து, சிக்னலில் நிற்கும்போது தலைகாட்டுவது இக்காரணத்தினால்தான்.

பெட்டி செய்யும் திருத்தம்

பொறியாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். வண்டியின் மின்னழுத்தம் ஓரிடத்தில் நில்லாது என்பது அவர்கள் நன்கறிந்ததே. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்னூட்டும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும்போது 10 வோல்ட் அளவிற்கு இறங்கும், 9.6-க்கும் கீழே போனால் பேட்டரியை ஐயுற வேண்டும் என்பது பட்டறை வழக்கு. விளக்கு, காற்றாடி, ஏ.சி. என ஒவ்வொன்றைப் போடும்போதும் சிறிது தாழும்.

ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவில் ஓர் அட்டவணை எழுதி வைத்துள்ளனர். இன்ன மின்னழுத்தத்தில் வாளா நேரம் இன்னது என்பது அவ்வட்டவணை. பெட்டி ஒவ்வொரு தெளிப்பிற்கும் முன் மின்னழுத்தத்தை அளக்கிறது. வேண்டிய தெளிப்பு நேரத்தோடு அட்டவணை சொல்லும் வாளா நேரத்தைக் கூட்டிக் கட்டளையிடுகிறது. 14 வோல்ட்டில் 1.6 மில்லி நொடி தெளிக்க 2.29 மில்லி நொடிக் கட்டளை. 12 வோல்ட்டில் அதே தெளிப்பிற்கு 2.48. இது பெருக்கல் திருத்தம் அன்று, கூட்டல் திருத்தம் என்பது கருதத்தக்கது. வாளா நேரம் தெளிப்பு நீண்டாலும் குறுகினாலும் மாறாதது. எனவே அதனைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும்.

தெளிப்பு எஞ்சின் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதும் இதனால் மாறும். நிமிடத்திற்கு 750 சுற்றில் ஒரு மில்லி நொடியில் எஞ்சினின் அச்சு 4.5 பாகை திரும்பும். 6000 சுற்றிலோ 36 பாகை. காற்றுக் கதவு திறக்கும் நேரத்தை ஒட்டித் தெளிக்க வேண்டுமாயின் பெட்டி அதற்கேற்ப முன்கூட்டியே கட்டளையிட வேண்டும்.

சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் புதுவகை எஞ்சின்களில் எரிபொருள் அழுத்தம் நூறு மடங்கிற்கும் மேல். அங்கே பேட்டரியின் 12 வோல்ட்டை நம்புவதில்லை. பெட்டியே அதனை ஏறத்தாழ 65 வோல்ட்டாக உயர்த்தி முதல் உந்துதலைத் தருகிறது. அவ்வகையில் இச்சிக்கல் பெரிதும் நீங்கிற்று. நம் தெருக்களில் ஓடுபவை பெரும்பாலும் அவ்வகையைச் சார்ந்தவை அல்ல. என் வண்டியும் அன்று.

திருத்தம் ஏமாறும் இடம்

இனி நோய்க்கு வருவோம். பெட்டி எதை அளக்கிறது? தன் வாயிலுக்கு வரும் மின்னழுத்தத்தை. ஊசி எதைப் பெறுகிறது? தன் வாயிலுக்கு வரும் மின்னழுத்தத்தை. இவ்விரண்டும் ஒன்றே என்று அட்டவணை எழுதியவர் கொண்டுள்ளார். புது வண்டியில் அஃது உண்மை. பழைய வண்டியில் எப்போதும் உண்மையன்று.

என் வண்டியில் பெட்டிக்கு மின்சாரம் ஒரு வழியாகவும், ஊசிகளுக்கும் பெட்ரோல் பம்புக்கும் வேறொரு ரிலேயின் வழியாகவும் செல்கிறது. அந்த ரிலே பொருந்தும் அடித்தளத்தின் கால் ஒன்று தளர்ந்து, உப்புப் பூத்துக் கருகியிருந்தது. அங்கே கால் ஓம் தடை உண்டாகியிருந்தது. பம்பும் ஊசிகளுமாக அவ்வழியே பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 6 ஆம்பியர். கால் ஓமை ஆறால் பெருக்கினால் ஒன்றரை வோல்ட். பெட்டி 13 வோல்ட்டை அளந்து 13 வோல்ட்டுக்குரிய திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தது. ஊசிகளுக்குக் கிடைத்ததோ 11.5 வோல்ட். முன்சொன்ன கணக்கின்படி 0.77 மில்லி நொடி கூட்ட வேண்டிய இடத்தில் என்று பெட்டி எண்ணியது. உண்மையில் வேண்டியிருந்தது 0.94. நின்ற இடத்து ஓட்டத்தில் பத்து விழுக்காடு பெட்ரோல் குறைந்தது.

எஞ்சின் சூடேறிய பின் நோய் மறைந்தது ஏன் என்பதும் இப்போது விளங்கும். புகைக் குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்று உண்டு. புகையில் எஞ்சும் ஆக்சிஜனை மோந்து பார்த்து, பெட்ரோல் குறைவா மிகையா எனப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அவ்வுணரி 300 பாகை அளவிற்குச் சூடேறிய பிறகே பேசத் தொடங்கும். அதிகாலை 4.30 மணிக்கு அது ஊமை. பகலில் பட்டறைக்குப் போகும்போது அது பேசிக்கொண்டிருந்தது. குறையை மூடி மறைத்துக்கொண்டும் இருந்தது.

அம்மறைப்பும் தடயமின்றி நிகழவில்லை. நகரத்துப் பட்டறை ஒன்றில் ஸ்கேனர் கருவியை மாட்டியபோது பி0171 என்னும் குறி வந்தது. எரிபொருள் கலவை மெலிந்துள்ளது என்பது அதன் பொருள். ஏன் மெலிந்தது என்பதைக் குறி சொல்லாது. அவர்கள் ஊசிகளைக் கழற்றிக் கழுவினர். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினர். பின்னர் ஆக்சிஜன் உணரியையே மாற்றினர். உண்மையைச் சொன்ன உணரியை மாற்றிப் பொய் சொன்ன கம்பியை விட்டுவைத்தனர் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. 27,000 ரூபாய் செலவாயிற்று.

அடுத்துப் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். இரண்டு மாதம் வண்டி ஒழுங்காகப் புறப்பட்டது. அதனால் நோய் பேட்டரியில்தான் இருந்தது என்று நானும் நம்பினேன். உண்மையில் நிகழ்ந்தது வேறு. பழைய பேட்டரி ஸ்டார்ட்டர் சுழலும்போது 9 வோல்ட்டிற்கு இறங்கியது. ரிலேயில் ஒன்றரை கழிந்து ஊசிக்கு 7.5 வோல்ட். அது பள்ளத்தின் விளிம்பு; வாளா நேரம் 2.71 மில்லி நொடி. பெட்டி கூட்டியதோ 1.50. புதிய பேட்டரியில் 10.5 வோல்ட், ஊசிக்கு 9. வாளா நேரம் 1.50, பெட்டி கூட்டியது 1.10. குறை 1.2 மில்லி நொடியிலிருந்து 0.4 ஆகச் சுருங்கியது, நீங்கவில்லை. புதிய பேட்டரி நோயை ஆற்றவில்லை, விளிம்பிலிருந்து சற்றே விலக்கி நிறுத்தியது. ரிலேயின் கால் மேலும் கருகவே மார்கழிக் காலையொன்றில் வண்டி மறுபடியும் நின்றது. அன்று மருத்துவமனை செல்லும் வழியில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் என் தாயாரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அவருக்கு இன்றுவரை நன்றி சொல்ல முகவரி கிடைக்கவில்லை.

அதன் பிறகே நம் மாணவரிடம் சென்றேன். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கையும் காற்றாடியையும் போடச் சொல்லி, சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை எடுத்தார். ஏற்கெனவே வேறு பட்டறையில் ஊசிக்கு வரும் கம்பியில் அளந்து 12.5 வோல்ட் சரியாக இருந்ததைச் சொன்னேன். "எஞ்சின் ஓடுறப்பவா சார், நிறுத்திட்டா?" என்று கேட்டார். நிறுத்திவிட்டு என்றேன்.

"நிறுத்திட்டு அளந்தா எல்லாம் சரியாத்தான் காட்டும். தண்ணி ஓடாத குழாயில அடைப்பு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

ஓம் விதியை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. மின்னோட்டம் இல்லையேல், தடை இருந்தும் அழுத்தம் குறையாது. பாயும்போதுதான் தடை தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றை ஊசிக்கு வரும் கம்பியிலும் வைத்தார். 1.5 வோல்ட் காட்டியது. ரிலேயைப் பிடுங்கினார், அடித்தளத்தின் ஞெகிழி பழுப்பேறியிருந்தது. ஒன்றரை வோல்ட்டும் ஆறு ஆம்பியரும் சேர்ந்தால் ஒன்பது வாட் வெப்பம். ஒரு சிறு விளக்கின் சூடு மாதக்கணக்கில் அங்கே இருந்திருக்கிறது. ரிலே, அடித்தளம், கம்பி முனை யாவும் சேர்த்து நானூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பைக் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் வண்டியின் பேட்டரி மிகச் சிறியது. பம்பும் ஊசியும் பெட்டியும் அதனை நம்பியே இருக்கின்றன. பேட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால் பழைய வண்டிபோல் தள்ளி ஓட்டுதல் பெரும்பாலும் பலிக்காது. கூடுதல் விளக்கும் உரத்த ஒலிப்பானும் மாட்டுவோர், அவற்றிற்கான கம்பியை ஊசிக்கோ பம்புக்கோ செல்லும் கம்பியில் கிள்ளி ஒட்டுவதைக் காண்கிறேன். அப்படி ஒட்டிய இடத்தில்தான் கால் ஓம் பிறக்கிறது. பேட்டரியிலிருந்து தனிக் கம்பியும் தனி ஃபியூசும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பட்டறையில் பழகும் தம்பிகளுக்கு, உங்கள் ஆசான் கேட்டபடி, அளக்கும் முறை. எஞ்சின் ஓட வேண்டும். விளக்கும் காற்றாடியும் எரிந்து சுழல வேண்டும். மீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்பு முனையை ஊசிக்கு எப்போதும் மின்சாரம் வரும் கம்பியிலும் தொடுக. அதே முறையில் எர்த் பக்கத்தையும் அளக்க வேண்டும். கறுப்பு முனை பேட்டரியின் எதிர்முனையில், சிவப்பு முனை பெட்டியின் எர்த் கம்பியில். இரண்டில் எதுவும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஊசியைக் கழற்றுமுன் ரிலேயையும் அதன் அடித்தளத்தையும் எர்த் முனைகளையும் கழற்றிப் பாருங்கள்.